பெண் பார்க்கப் போன எறும்புத்தின்னி

பெண் பார்க்கப் போகிறவன் வாயைத் திறக்காமல் இருந்தால் அதை மரியாதை என்பார்கள். என் விஷயத்தில் அது வெறும் பயம். பஸ்ஸில் மணியடிக்கக் கூச்சப்பட்டு, அடுத்த ஸ்டாப்பில் இறங்கித் திரும்ப நடந்து வந்தவன் நான்.

எழுபதுகளில் கோலா கெத்தில் பக்கம் எங்கள் தோட்டத்தில் ரப்பர் மரங்களைச் சாய்த்து எண்ணெய்க்காகச் செம்பனை நட்டுக்கொண்டிருந்தார்கள். சாய்ந்த மரமொன்றின் வேரடிப் பொந்தில் ஓர் எறும்புத்தின்னி (மலாயில் தெங்கிலிங்) என் மாமாவிடம் அகப்பட்டது. மறுநாள் லூனாஸில் எனக்குப் பெண் பார்க்கும் வைபவம்.

"வெறுங்கையோட போகக்கூடாதுடா" என்றார் மாமா. "ஆப்பிளு, ஆரஞ்சு எல்லாரும்தான் கொண்டு போவான். பொண்ணோட அப்பாவுக்கு ஆஸ்துமாவாம். இந்தக் கறிய ஒரு வேளை சாப்பிட்டா ஓடிரும்லா!"

வேண்டாம் என்று சொல்ல நாக்கு எழவில்லை. மாமாவின் மோட்டார் சைக்கிளில், மடியில் சாக்கு மூட்டையோடு போனேன் (என்னே மாப்பிள்ளைக் கோலம்!). பாதி வழியில் அது என் புதுச் சட்டையை நனைத்தது. அந்த நாற்றத்தை எழுத்தில் கொண்டுவர எனக்குப் படிப்புப் போதாது.

வாசலில் சாக்கை இறக்கினோம். பெண்ணின் அண்ணன் வெளியே வந்தார். டூட்டி முடித்து அப்போதுதான் திரும்பியிருந்தார், காக்கிச் சட்டை. 'அண்ணனுக்கு அரசாங்க உத்தியோகம்' என்று தரகர் சொன்னது உண்மைதான். எந்த இலாகா என்று நாங்கள்தான் கேட்கவில்லை.

வனவிலங்கு இலாகா.

"இதப் பிடிக்கிறதே குத்தம், தெரியுமா? லோக்கப்புலதான் பொண்ணு பாக்கணும்!"

"மாப்பிள்ளைதான் ஆசையா கொண்டாந்தாரு சார்" என்றார் மாமா. (மாமா அப்படித்தான்.)

வாடை உள்ளே போய், பெண்ணின் அப்பாவுக்கு ஆஸ்துமா கூடிவிட்டது. இருமல் வாசல் வரை கேட்டது.

சாக்கை அவிழ்த்தார் அண்ணன். செதிலால் செய்த பந்துபோல் அது அசையாமல் கிடந்தது. "செத்திருந்துச்சுன்னா, பொண்ணும் கிடையாது, ஒண்ணும் கிடையாது" என்று என்னை முறைத்தார். நான் தலையைக் குனிந்து தோளுக்குள் இழுத்துக்கொண்டேன்.

ஜன்னலுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "பயந்தா சுருண்டுக்கும்னு நீதானே சொன்னே அண்ணே? ரெண்டும் சுருண்டுல்ல இருக்கு!"

பெண்ணின் குரலை அப்படித்தான் முதன்முதலில் கேட்டேன்.

அண்ணன் என்னையும் அதையும் தம் வண்டியில் ஏற்றிக் காட்டோரம் கொண்டுபோனார். தரையில் வைத்துவிட்டுத் தள்ளிக் குந்தினோம். அசைவே இல்லை. என் காற்சட்டைக்குள் எறும்பு ஏறியது, சொல்லக் கூச்சம். 'இவ்வளவு எறும்பு இருக்கிறதே, எழுந்து சாப்பிடேன் தாயே' என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

மெல்ல ஒரு மூக்கு வெளியே வந்தது. பிறகு நான்கு கால்கள். திரும்பிப் பார்க்காமல் புதருக்குள் போய்விட்டது.

"இது ஒரு தடவைக்கு ஒரே ஒரு குட்டிதான் போடும், மாப்ள. காட்டையும் வெட்டிட்டு, இதையும் கறி வச்சுட்டா, நாளைக்கு என் தங்கச்சி பிள்ளைங்களுக்கு என்னத்தக் காட்டுறது? உங்க மாமா மூஞ்சியவா?"

தங்கச்சி பிள்ளைகள்! மாப்ள! எனக்கு மெதுவாகத்தான் உறைத்தது. எறும்புக்கடியோடு சிரித்தேன்.

போன மாதம் என் மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். பையன் வாயே திறக்கவில்லை. நரைத்துப்போன என் மைத்துனர் எழுந்து வாசல்வரை போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்து அவளிடம் சொன்னார்.

"பயப்படாதம்மா. சாக்கு எதுவும் இல்ல."

வீடே சிரித்தது. நான் வழக்கம்போல் சுருண்டுகொண்டேன்.