ஆறு வெள்ளரிக்காய்களும் என் மீசையும்

சமைக்கத் தெரியாத ஆண்கள் சொல்லும் பொய்களில் மிகவும் பாதுகாப்பானது, "சாலட் நல்லா பண்ணுவேன்" என்பது. அடுப்புப் பற்றவைக்க வேண்டாம், தாளிக்க வேண்டாம், அடிபிடிக்காது, தீயாது. நறுக்கத் தெரிந்தால் போதும். நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கையால் பத்துப் பன்னிரண்டு பேரின் முகம் ஒரே நேரத்தில் கோணிப்போனதை நேரில் பார்த்தவன் என்ற தகுதியில் இதை எழுதுகிறேன்.

அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. ஆம்பூரிலிருந்து பெங்களூருக்கு வந்து, எலக்ட்ரானிக் சிட்டியில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை. (அடுத்தவர் செய்த தப்பைக் கண்டுபிடிப்பதற்குச் சம்பளம். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.) ஹெப்பகோடியில் ஒற்றை அறையில் வாசம். அதே கம்பெனியில் இருந்த கவிதாவும் நானும் கல்யாணம் செய்துகொள்வது என்று முடிவு செய்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அவள் அப்பாதான் இன்னும் முடிவு செய்யவில்லை.

அவருக்கு சிவாஜிநகரில் துணிக்கடை. எதையும் விரலால் தடவிப் பார்க்காமல் அபிப்பிராயம் சொல்லமாட்டார். நீலசந்திராவில் இருந்த அவர்கள் வீட்டுக்கு நான் முதல் தடவை போனபோது, என் சட்டைக் கையை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்துவிட்டு, "ரெண்டு வாஷ் தாங்கும்" என்றார். அப்புறம் நேராக விஷயத்துக்கு வந்தார்.

"எங்க பொண்ணுக்கு வெந்நி வெக்கக்கூடத் தெரியாது தம்பி. நாளைக்கு வீட்ல யாரு சமைக்கிறது?"

"நான் சமைப்பேன் அங்கிள். சாலட் ரொம்ப நல்லா பண்ணுவேன்."

"சாலட்டா?" என்று அவர் சமையலறைப் பக்கம் திரும்பினார். கவிதாவின் அம்மா எட்டிப் பார்த்து, "நம்ம கோசம்பரி மாதிரிதாங்க" என்று விளக்கம் கொடுத்தார். கூடவே, "வர்ற ராமநவமிக்கு அந்தக் கோசம்பரிய தம்பியே பண்ணி எடுத்துட்டு வரட்டுமே" என்றும் சொன்னார்.

பெங்களூரில் ராமநவமி என்றால் பானகம், நீர்மோர், வெள்ளரியும் பாசிப்பருப்பும் கலந்த கோசம்பரி. வெயிலுக்கு இதமாகச் சாமிக்குப் படைத்துவிட்டு அக்கம்பக்கத்தாருக்குக் கொடுப்பார்கள். அங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ்க் குடும்பங்களுக்கும் அதே வழக்கம்தான். ஆக, ஊர்ப்பட்ட சனத்துக்கு முன்னால் எனக்குப் பரீட்சை. தேறினால் கல்யாணம். தேறாவிட்டால் இன்னொரு வருடம் "பாக்கலாம் தம்பி."

நான் கடுமையாகத் தயாரானேன். அதாவது, மீசை வளர்த்தேன். கவிதாவின் அப்பாவுக்கு அடர்த்தியான மீசை இருந்ததால், பொறுப்பு என்பது மூக்குக்குக் கீழே இருக்கும் சமாச்சாரம் என்று நினைத்துக்கொண்டேன். சமையல் பயிற்சி எதுவும் செய்யவில்லை.

அந்த வருடம் ராமநவமி ஞாயிற்றுக்கிழமை வந்தது. சனிக்கிழமை மத்தியானம் கவிதா போன் செய்தாள்.

"அம்மா ரெண்டே ரெண்டு விஷயம் சொல்லச் சொன்னாங்க பாலா. வெங்காயம் போடக் கூடாது. படைக்கிற வரைக்கும் வாயில வெச்சுப் பாக்கக் கூடாது."

"இதெல்லாம் எனக்குத் தெரியாதா?" என்றேன். (அரைக் கிலோ வெங்காயம் ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தேன்.)

ஞாயிறு காலை ஆறரைக்கே சந்தைக்குப் போய்விட்டேன். வாரம் ஒருநாள் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில், ஆனேக்கல் பக்கத்து விவசாயிகள் தாங்களே கொண்டுவந்து விற்கும் சந்தை அது. துணிப்பை மாட்டிய கனவான்கள் ஒவ்வொரு காயையும் மூக்கருகே வைத்து மோந்துகொண்டிருந்தார்கள். நானும் ஒரு கேரட்டை மோந்து பார்த்தேன். மண் வாசனை அடித்தது. ரொம்பத் திருப்தியாகத் தலையாட்டிவிட்டு வாங்கினேன். மாங்காய், மாதுளை, எலுமிச்சை, கொத்தமல்லி எல்லாம் வாங்கி முடித்து, கடைசியில் ஒரு அம்மாவிடம் ஆறு வெள்ளரிக்காய் எடுத்தேன். நான் தமிழ் என்று தெரிந்ததும் அவரும் தமிழிலேயே பேசினார்.

"வெயில் ஜாஸ்தி சார், காய்க்குத் தண்ணி பத்தல. ஒண்ணு ரெண்டு கசக்கும். ஒவ்வொண்ணுலயும் ஒரு துண்டு வாயில போட்டுப் பாத்துட்டு அப்புறமா சேருங்க."

"தெரியும்மா" என்றேன். அந்த வாரம் எனக்குத் தெரியாதது என்று எதுவுமே இல்லை.

அறைக்கு வந்து அருவாமனை முன்னால் உட்கார்ந்த பிறகுதான் சிக்கல் உறைத்தது. ஒருத்தர் கடித்துப் பார் என்கிறார். இன்னொருத்தர் கடிக்கவே கூடாது என்கிறார். முதலில் நுனியை வெட்டி நுரை வருமட்டும் தேய்த்தேன். மனசு கேட்கவில்லை. கடைசியில், சுவரில் காலண்டரில் இருந்த சாமிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, முதல் வெள்ளரியில் ஒரு பெரிய துண்டை வாயில் போட்டுக்கொண்டேன். இளநீர் மாதிரி இருந்தது. உடனே பயம் வந்துவிட்டது. சாமி விஷயத்தில் ஒரு குற்றம் போதும் என்று மற்ற ஐந்தையும் கடித்துப் பார்க்காமலே நறுக்கிச் சேர்த்தேன். ஒன்றைச் சோதித்துவிட்டு மீதியெல்லாம் சரி என்று எழுதிக் கொடுத்தவர்களை ஆபீசில் நான் எத்தனையோ தடவை கிழித்துத் தொங்கவிட்டிருக்கிறேன்.

பார்வைக்குக் குறை சொல்ல முடியாது. கேரட், மாதுளை, மாங்காய், ஊறவைத்த பருப்பு, தேங்காய்த் துருவல் என்று தேர் மாதிரி ஜோடித்திருந்தேன். நாலு போட்டோ எடுத்தேன். தூக்குவாளியை ஸ்கூட்டரில் காலுக்கு நடுவே வைத்துக்கொண்டு, ஹெப்பகோடியிலிருந்து நீலசந்திராவரை ஒவ்வொரு சிக்னலிலும் மூடியைத் திறந்து ரசித்தபடி போய்ச் சேர்ந்தேன்.

பூஜை நன்றாக நடந்தது. தொன்னைகளில் என் சாலட் எல்லோர் கைக்கும் போனது. கவிதாவின் அப்பா கண்ணில் ஒற்றிக்கொண்டு வாயில் போட்டார். மற்றவர்களும் போட்டார்கள். மூன்று தடவை மென்றதும் எல்லோர் முகமும் ஒரே நேரத்தில் கோணிப்போனது.

நானும் ஒரு வாய் போட்டேன். எட்டிக்காய்க் கசப்பு. துப்ப முடியாது, பிரசாதம். கீழே வைக்கவும் முடியாது, பிரசாதம். வீட்டுப் பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு மென்றுகொண்டிருந்ததால் மற்றவர்களும் மென்றார்கள். கவிதாவின் அத்தைதான் முதலில் வாய் திறந்தார். "ஏம்ப்பா, உகாதி போன வாரமே முடிஞ்சிடுச்சே?" என்றார். (உகாதிக்குத்தான் அங்கே வேப்பம்பூவை வெல்லத்தோடு தின்பார்கள். என் தயாரிப்பில் வெல்லமும் இல்லை.) பானகம் இரண்டே நிமிடத்தில் காலியானது.

கவிதாவின் அப்பா காலித் தொன்னையைக் கீழே வைத்தார்.

"தம்பி, இத நீ வாயில வெச்சுப் பாத்தியா?"

பார்த்தேன் என்றால், சாமிக்கு எச்சில் படைத்தவன். பார்க்கவில்லை என்றால் முட்டாள். முட்டாளுக்குப் பெண் கொடுத்த வீடுகள் நிறைய இருப்பதாகப் பட்டது.

"இல்ல அங்கிள். வெக்கக் கூடாதுன்னு ஆன்ட்டி சொன்னாங்க."

கவிதாவின் அம்மா என் பக்கத்தில் வந்து நின்றார். என் முகத்தையே கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். அப்புறம் புருஷன் பக்கம் திரும்பினார்.

"கேட்டீங்களா? முப்பது வருஷத்துல இந்த வீட்ல நான் சொன்னத ஒரு ஆளு, ஒரு நாளு கேட்டதுண்டா? நான் சொன்னேங்கிற ஒரே காரணத்துக்காக இந்தப் புள்ள வாயில வெக்காம எடுத்துட்டு வந்திருக்கு. இன்னும் என்னத்தத் தடவிப் பாக்கணும் உங்களுக்கு?"

அவர் தொன்னையைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார், கவிதாவைப் பார்த்தார். யாரும் உதவிக்கு வரவில்லை.

"மாப்பிள்ளைக்கு ஒரு டம்ளர் மோர் குடு" என்றார்.

எனக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்தது. கசப்பில் ஏற்கெனவே எல்லோருக்கும் கண் கலங்கியிருந்ததால் யாரும் கவனிக்கவில்லை.

இது நடந்து எட்டு வருடம் ஆகிறது. அன்றிலிருந்து அந்த வீட்டில் என் பெயர் 'சொன்னா கேக்கற மாப்பிள்ளை.' சிலிண்டர் மாற்றுவதிலிருந்து அத்தையை மூட்டு டாக்டரிடம் கூட்டிப்போவதுவரை எதற்கும் முடியாது என்று சொல்ல வழியில்லை. அதோடு, ஒவ்வொரு ராமநவமிக்கும் பூஜையில் உட்காரும் முன் மாமியார் ஒரு துண்டை நீட்டி, "மீசையத் தொடச்சுட்டு வாங்க மாப்பிள்ளை" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். வியர்வைக்காக என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கல்யாணமாகி மூன்றாம் வருடம், மனசு உறுத்தி, முதல் வெள்ளரிக்காயைக் கடித்த உண்மையைக் கவிதாவிடம் சொன்னேன். அவள் துணி மடிப்பதை நிறுத்தக்கூட இல்லை.

"தெரியும். அன்னிக்கு உன் மீசையில வெள்ளரி வெத ஒண்ணு காஞ்சு ஒட்டிட்டிருந்துச்சு. அம்மாதான் மொதல்ல பாத்தாங்க."

"அப்புறம் ஏன் அப்படிப் பேசினாங்க?"

"அப்பாவ மடக்க ஏதாவது கெடைக்குமான்னு ரெண்டு வருஷமா காத்துட்டிருந்தாங்க. நீ தந்தது அது ஒண்ணுதான்."

இந்த வருடமும் துண்டு வந்தது. மாமனார்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். அவருக்கு எப்போது தெரிந்தது என்று நான் கேட்கவில்லை. மீசையைத் துடைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தேன்.