மத்தியானத்தில் ஓய்வெடுத்த வானம்

ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கு அறிவு அதிகம் என்று ஊரில் ஒரு நம்பிக்கை உண்டு. அதைக் கெடுக்க நான் ஒருத்தி போதும்.

தொண்ணூறுகளில் கோவைக் கல்லூரி ஒன்றில் காஸ்மிக் கதிர்களைப் பற்றி ஆய்வு செய்துகொண்டிருந்தேன். அண்டவெளியின் ஏதோ மூலையிலிருந்து அசுர வேகத்தில் வந்து நம் தலையில் விழுகிற துகள்கள் அவை. எங்கிருந்து கிளம்புகின்றன என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. (எனக்குத் தெரிந்துவிட்டது என்று நினைத்ததுதான் வினை.) அப்பா கறாராகச் சொல்லியிருந்தார்: "இந்த வருசத்துக்குள்ள ஏதாச்சும் கண்டுபுடிச்சுப்போடு அம்மணி. இல்லீன்னா நாங்க மாப்பிள்ளையக் கண்டுபுடிச்சுப்போடுவோம்."

கோடை விடுமுறையில், துகள் விழுந்தால் 'டிக்' என்று எண்ணும் கருவியைச் சோமனூர் வீட்டுக்குத் தூக்கி வந்து மொட்டை மாடியில் வைத்தேன். கீழே அப்பாவின் விசைத்தறிக் குடோன். கரண்ட்டும் அங்கிருந்தேதான் இழுத்தேன்.

காலையில் எண்ணிக்கை எகிறியது. சாயங்காலம் சரிந்தது. தினமும் இதே கதை. பகல் வானத்தில் எதையோ பிடித்துவிட்டேன்! நடு மத்தியானம் மட்டும் கொஞ்ச நேரம் எண்ணிக்கை படுத்துவிடும். அதற்குக் காரணம் பூமியின் காந்தப்புலம் என்று பக்கம் பக்கமாக எழுதினேன். என் ஆய்வு வழிகாட்டியான மேடத்துக்குப் போன் போட்டேன். அவரும் மறுநாளே காந்திபுரத்தில் டவுன் பஸ் பிடித்து வந்துவிட்டார்.

"வாங்க மேடம், வாங்க" என்று கும்பிட்ட அப்பா, குடோன் பக்கம் கையைக் காட்டினார். தறிகள் எல்லாம் நின்றன. வந்த விருந்தாளியைச் சத்தத்தில் கத்திப் பேச வைப்பது எங்கள் வீட்டில் மரியாதை இல்லை.

பெருமையாக மாடிக்கு அழைத்துப்போனேன். 'டிக்.' அப்புறம் நெடுநேரம் ஒன்றுமில்லை.

"எங்கேம்மா உன் கதிரெல்லாம்?"

"மேகம் மறைச்சிருக்கும் மேடம்."

(மேகம் இந்தக் கதிர்களை மறைக்காது. அன்று மேகமும் இல்லை.)

மேடம் கைப்பிடிச் சுவரிலிருந்து எட்டிப் பார்த்தார். "ஏங்க, தறியை ஓட்டச் சொல்லுங்களேன்."

"பரவால்லீங்க மேடம், நீங்க பேசி முடிங்க" என்றார் அப்பா.

"இல்லைங்க, ஓட்டுங்க."

தறி ஓடியது. கருவி அலறியது. தறி மோட்டார்கள் கக்கிய மின் இரைச்சலைத்தான் இத்தனை நாளும் அண்டவெளிச் சரக்கு என்று எண்ணிக்கொண்டிருந்திருக்கிறேன்.

மேடம் என் காந்தப்புலக் கட்டுரையை ஒரு புரட்டுப் புரட்டினார். "தறிக்காரங்க எப்பங்க சாப்பிடப் போவாங்க?"

"நடு மத்தியானமுங்க."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவமானம் பாதி, கல்யாணப் பயம் பாதி.

"ஏனுங்க மேடம், அப்ப இவ ஒண்ணுமே கண்டுபுடிக்கலீங்களா?" என்று அப்பா கேட்டார்.

மேடம் என் முகத்தைப் பார்த்தார். "இரைச்சல் எங்கிருந்து வருதுன்னு தெரிஞ்சிருச்சுங்க. அதை அடைச்சாத்தான் உண்மையான கதிர் கிடைக்கும். இன்னும் ரெண்டு மூணு வருஷம் படிக்கட்டும்."

"அப்படீங்களா, படிக்கட்டுமுங்க" என்றார் அப்பா. அந்த மேடத்துக்குக் கோயில் கட்டலாம்.

பட்டமும் வாங்கினேன், மாப்பிள்ளையும் சாவகாசமாக வந்து சேர்ந்தார். ஆனால் இன்றைக்கும் வீட்டுக்கு யாராவது வந்தால், டிவியை அணைக்கும் முன் அப்பா எல்லார் முன்னாலும் என்னிடம் அனுமதி கேட்பார்:

"நிறுத்திப்போடட்டுமா கண்ணு? வானத்துல ஒண்ணும் கொறைஞ்சு போயிறாதே?"