லா சப்பலின் பலகையார்

கடந்த பத்து வருடங்களில் பாரிசின் லா சப்பலைச் சுற்றிக் கலியாணம் கட்டிய எந்தத் தமிழரும் பலகையாரின் குதிக்காலைக் கேட்காமல் கணவன் மனைவி ஆனதில்லை. இதை நான் சத்தியம் பண்ணிச் சொல்வேன். உங்கள் கலியாண வீடியோவில் தாலி ஏறும்போது பின்னால் போகிற பாட்டை ஒருமுறை கவனித்துக் கேளுங்கள். மேளத்துக்கும் கீழே 'டொக், டொக்' என்று ஒன்று கேட்கும். அது வாத்தியம் அல்ல. அவுஸ்திரேலியாக்காரர் ஒருவரின் வெறுங்கால்.

அவர் தன்னுடைய நாட்டில் கன்ட்ரி, புளூகிராஸ் என்கிற நாட்டுப்புறப் பாட்டுகளுக்குக் கம்பி வாத்தியம் வாசித்தவர். பாஞ்சோ, மண்டலின், பிடில், மடியில் கிடத்தி வாசிக்கிற கித்தார் என்று எதையும் விட்டுவைத்ததில்லை. துணி காயப்போடுகிற கொடியைக் கொடுத்தாலும் மனிதர் சுருதி சேர்த்துவிடுவார். முப்பது வருடம் மற்றவர்களின் இசைத்தட்டுகளில் வாசித்திருக்கிறார், தன் பெயரில் ஒரு பாட்டுக்கூட இல்லை. ஒரு குழுவோடு பாரிசுக்கு வந்தார். குழு திரும்பிப் போனது, இவர் போகவில்லை. ஏனென்று கேட்டால், "இஞ்சை கொத்து நல்லம்" என்பார். தமிழையும் அந்தக் கொத்துரொட்டிக் கடைச் சமையல்காரரிடம்தான் படித்தார். அதனால் ஆண், பெண், ஐயர் எல்லாரும் அவருக்கு 'அண்ணை'.

நான் அங்கே ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் ஒரு சின்னக் கடை போட்டு அரசாங்கப் படிவங்கள் நிரப்பிக் கொடுப்பவன். ஓய்வு நேரத்தில் பக்திப் பாடல் எழுதுவேன். இரண்டும் கெஞ்சுகிற வேலைதான். என் பாட்டுகளை ஒலிப்பதிவு செய்பவர் ராசன் அண்ணை. பலசரக்குக் கடை ஒன்றின் நிலவறையில் அவருடைய கூடம். மேலே கருவாடு, கீழே கந்தன் புகழ். அங்கேதான் ஒருநாள் பலகையார் மண்டலினும் கையுமாக வந்து இறங்கினார்.

வந்த முதல் நாளே சண்டை.

"சப்பாத்தைக் கழட்டிப்போட்டு வாங்கோ. பிள்ளையார் பாட்டு" என்றார் ராசன் அண்ணை.

"சப்பாத்து இல்லை எண்டா தாளம் இல்லை, அண்ணை."

காலால் தரையை இடித்துத் தாளம் போடாமல் அவருக்கு விரல் ஓடாதாம். வெறுங்காலை அந்தச் சீமெந்துத் தரையில் இடித்தால் அவருக்கே கேட்காது. மூன்று மணிநேர வாக்குவாதத்துக்குப் பிறகு ராசன் அண்ணை வீட்டுக்குப் போய், அவருடைய மனைவி குந்தியிருந்து மீன் வெட்டுகிற பலகைக்கட்டையைக் கொண்டுவந்து போட்டார். அதன்மேல் வெறுங்குதிக்காலால் இடித்துக்கொண்டு மனிதர் ஒரே மூச்சில் வாசித்து முடித்தார். அன்றோடு பலகை அவருடையதாயிற்று, பெயரும் பலகையார் ஆயிற்று. ராசன் அண்ணையின் மனைவி இன்றுவரை நின்றுகொண்டுதான் மீன் வெட்டுகிறார்.

பாட்டின் பொருள் தெரியாமல் கம்பியைத் தொடமாட்டார். சிவன் நஞ்சுண்ட பாட்டு ஒன்று நான் எழுதியிருந்தேன்.

"நஞ்சை ஆர் குடுத்தது?"

"ஒருத்தரும் குடுக்கேல்லை. மற்றாக்கள் சாகக்கூடாது எண்டு தானே எடுத்துக் குடிச்சவர்."

"பிறகு செத்தவரோ?"

"இல்லை. மனிசி கழுத்தைப் பிடிச்சு நிப்பாட்டிப்போட்டா."

"எங்கட பாட்டில மனிசி வர முன்னம் ஆள் செத்துப்போகும்" என்று சொல்லிவிட்டுக் கித்தாரை மடியில் கிடத்தினார். அன்று அவர் வாசித்ததைக் கேட்டுப் பாடகி இரண்டு முறை அழுதார். எழுதிய எனக்கு அப்படி ஒன்றும் வரவில்லை.

அவருடைய பெரிய பைத்தியம் வேறு. இசைத்தட்டு அட்டையில் தன் பெயரைப் போட விடமாட்டார். "பாட்டுக்காரர் முன்னுக்கு. நான் பின்னுக்கு. பேர் வேண்டாம்" என்பார். ராசன் அண்ணைக்கோ அட்டையில் ஓர் இடம் காலியாக இருந்தால் சாப்பாடு இறங்காது. 'கம்பி வாத்தியம்: கந்தசாமி' என்று அடித்துவிட்டார். பத்து வருடத்தில் கந்தசாமி பிரபலமாகிவிட்டார். நல்ல இடமொன்று கையில் இருக்கிறது, அந்தக் கந்தசாமிக்குக் கலியாணம் ஆயிற்றா என்று தரகர் ஒருவர் என்னிடமே விசாரித்தார்.

வினை அங்கேதான் இருந்தது. பலகையாருக்குப் பிரான்சில் தங்க அனுமதி தந்த வதிவிடக் காட் காலாவதியானது. அது கலைஞர்களுக்குக் கொடுக்கிற காட். புதுப்பிக்க வேண்டுமானால் பிரான்சில் இசைக்கலைஞராக வேலை செய்ததற்கு ஆதாரம் காட்டவேண்டும், இல்லாவிட்டால் நாட்டைவிட்டுப் போகவேண்டும். மதுக்கடைகளில் வாசித்ததற்கு இருந்த சில சம்பளத் துண்டுகள் போதாது. சம்பளத் துண்டு பற்றி ராசன் அண்ணையிடம் கேட்டேன். அவர் மேலே போய்க் கருவாடு அடுக்கத் தொடங்கினார். கடை அவருடையதுகூட அல்ல.

விண்ணப்பக் கோப்பு, எங்கள் பேச்சில் தொசியே, கட்டுவதில் லா சப்பலில் என்னை அடிக்க ஆளில்லை என்ற எண்ணம் எனக்கு உண்டு. இருபத்திரண்டு பேரிடம் கையெழுத்து வாங்கி, 'இவர் வாசித்ததை நேரில் கண்டேன்' என்று இருபத்திரண்டு சாட்சிக் கடிதமும் இசைத்தட்டு அட்டைகளும் சேர்த்தேன். காட் கொடுக்கிற பிரெஃபெக்தூர் அலுவலகத்தில் கண்ணாடி போட்ட அம்மா ஒருவர் அதைப் புரட்டினார்.

"இருபத்திரண்டு பேரும் ஒரே வசனத்தில் யோசிக்கிறார்கள், கவனித்தீர்களா?" என்று கேட்டார்.

எல்லாவற்றையும் எழுதியவன் நான்தானே. எங்கள் தொழிலில் ஒரு கடிதம் சரிவந்தால் பெயரை மட்டும் மாற்றுவது வழக்கம்.

"அட்டைகளில் கந்தசாமி என்று இருக்கிறதே, அவர் யார்?"

பலகையாரைக் காட்டினேன். தன்னுடைய தொசியேக்குக்கூட அந்த மனிதர் எனக்குப் பின்னால்தான் நின்றார். இரண்டும் ஒரே ஆள் என்று நிரூபிக்கக் கடைசியாக ஒரு ரான்தெவு, அதாவது சந்திப்பு நேரம், தந்தார்கள், இரண்டு வாரத்தில்.

எனக்கு அவர் போய்விடுவாரோ என்ற பயம் பாதி, என் தொசியே தோற்றதே என்ற வெட்கம் மீதி. ஏதும் ஆதாரம் கிடைக்குமா என்று நிலவறையில் பழைய பாட்டுகளை ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தபோது ராசன் அண்ணை சலித்துக்கொண்டார்.

"உந்தக் கடைசி டொக்கை வெட்டச் சொல்லி எத்தினை பேர் கேட்டவை! எனக்குத்தான் மனம் வரேல்லை."

அப்போதுதான் எனக்கும் பிடிபட்டது. பாட்டு முடிந்து எல்லாரும் ஓய்ந்த பிறகு, ஒரேயொரு 'டொக்' பிந்தி விழுகிறது. எல்லாப் பாட்டிலும். அவுஸ்திரேலியாவில் ஒரு பாட்டுக்கு வாசித்ததற்கு, அவருடைய சொந்தப் பெயர் எழுதிய பழைய ஒப்பந்தம் ஒன்று பலகையாரிடம் இருந்தது. அந்தப் பாட்டைத் தேடிப் போட்டோம். ஆடு மேய்ப்பவனின் காதலி செத்து, பாட்டும் முடிந்து, அமைதி. பிறகு ஒரு டொக். அது சப்பாத்துக்கால்.

ரான்தெவு அன்று அனுமதி கேட்டு, முதலில் அந்தப் பாட்டைப் போனில் போட்டு, ஒப்பந்தத்தை அந்த அம்மாவின் முன்னால் வைத்தேன். பிறகு கந்தசாமியின் பிள்ளையார் பாட்டு. பிறகு ஊஞ்சல் பாட்டு, பிறகு இன்னொன்று. ஒவ்வொன்றும் முடிந்ததும் நான் விரலைத் தூக்குவேன், டொக் விழும். அந்த அம்மா முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. ஐந்தாவது என்னுடைய நஞ்சுண்ட பாட்டு. பாட்டு முடிந்தது. போனிலிருந்து டொக் வருவதற்கு ஒரு கணம் முன்பே அவருடைய பேனா மேசையில் 'டொக்' என்றது.

"நான்கு வருடம், திரு கந்தசாமி" என்றார், எனக்குப் பின்னால் பார்த்து.

நாலு வருடத்துக்குக் காட் கிடைத்தும் அவர் இருந்தது நாலு மாதம். அவுஸ்திரேலியாவிலிருந்து ஒரு பழைய பாடகர் கூப்பிட்டாராம், கடைசிச் சுற்றுப்பயணம், பின்னால் வாசிக்க ஆள் வேண்டுமாம். நான் வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

"இதுக்கோ இவ்வளவு தொசியே கட்டினனான்?"

"நீ நல்லாப் பின்னுக்கு வாசிச்சனி, அண்ணை" என்றார். அவர் யாருக்கும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

விமானத்துக்குப் பாரம் கூடிவிட்டது என்று பலகையை என் கடையில் விட்டுவிட்டுப் போனார். அவர் இல்லாதது எனக்குக் குறைதான். படிவம் நிரப்ப வருகிறவர்கள் கதிரை காணாமல் சில வேளை அந்தப் பலகையில் குந்தப் போவார்கள்.

"அதில ஆள் இருக்கு" என்று சொல்லி, எழுந்து என் கதிரையைக் கொடுத்துவிடுவேன்.