பாடைக்கு விசில் ஊதியவன்

வேலை கிடைக்காத டிப்ளமோ சிவில்காரனை ஊருக்குள் சும்மா உலாவ விடக் கூடாது. எதையாவது கட்டுவான், கட்டக் காசில்லாவிட்டால் போர்டு எழுதி நட்டுவிடுவான். எண்பதுகளின் தொடக்கத்தில் ஜெயங்கொண்டத்துக்கு வெளியே அந்தத் தறுதலை நான்தான்.

முந்திரித் தோப்பை வெட்டி மனை போட்டு, 'நகர்' என்று பெயர் வைத்து விற்ற இடத்தில் அப்பா வீடு கட்டியிருந்தார். மனைப் படத்தில் உள்ளுக்குள் முப்பதடிச் சாலைகள் அம்சமாக ஓடும். மெயின் ரோட்டிலிருந்து நகருக்குள் வர மட்டும் சாலை கிடையாது! (படம் போட்ட புண்ணியவான் ஹெலிகாப்டரில் வந்து போனாரோ என்னவோ.) மூன்று பக்கமும் அடுத்தவர் கொல்லை, நாலாவது பக்கம் ஓடை. மழை பெய்தால் நாங்கள் தனித் தீவு. காசிநாதன் என்பவர் பெரிய மனது பண்ணித் தன் கடலைக் கொல்லை ஓரமாக ஒரு வண்டித்தடம் விட்டிருந்தார்.

இதில் அடிபட்டவள் என் அக்கா. இரண்டு மாப்பிள்ளை வீட்டார் அந்தத் தடம் வரை வந்து பார்த்துவிட்டு, "வூட்டுக்கு வழியே இல்ல, இங்க போயி பொண்ணு எடுக்கிறதா?" என்று அப்படியே திரும்பிப் போனார்கள். அக்கா எங்கள் முன்னால் சிரிப்பாள். அடுப்படியில் போய் அழுவாள்.

போதாக்குறைக்கு, எதிரெதிரே வந்த இரண்டு மாட்டுவண்டிகள் ஒதுங்கியதில் காசிநாதனின் கடலைச்செடி நசுங்கிவிட்டது. வாசலுக்கே வந்துவிட்டார்.

"இன்னொரு தடவ எவனாச்சும் செடிய மெறிச்சான், முள்ள வெட்டிப் போட்டு அடைச்சுப்புடுவேன். ஆமா!"

அன்றைக்குத்தான் என் மூளை வேலை செய்து தொலைத்தது. ஒன்வே! உள்ளே வரக் கொல்லைத் தடம், வெளியே போக, ஓடை மணலில் இறங்கி ஏறும் ஒற்றையடிப் பாதை. சிவப்புப் பெயிண்டில் அம்புக்குறி போர்டுகள் நட்டேன். (மொத்தப் போக்குவரத்து: சில சைக்கிள்கள், அந்த இரண்டு மாட்டுவண்டிகள், மேயப் போகும் ஆடுகள்.) கழுத்தில் விசில் வேறு. ஓடைக்கரையில் சுடுகாடு இருப்பது எனக்குத் தெரியும். அக்கரை ஊர்க்காரர்கள் அந்த வழியாகத்தான் பிணம் கொண்டுவருவார்கள் என்பது மட்டும் என் மண்டையில் ஏறவில்லை.

விக்கிரமங்கலத்திலிருந்து மூன்றாவது மாப்பிள்ளை வீட்டார் வாடகை அம்பாசடரில் வந்தார்கள். கேசரி, பஜ்ஜி, காப்பி எல்லாம் முடிந்தது. மாப்பிள்ளையின் அம்மா எழுந்தார்.

"வூட்டுக்குப் போயி கலந்துகிட்டுச் சொல்லி அனுப்புறோங்க."

அப்படிச் சொன்னால் பாதி 'வேண்டாம்' என்று அர்த்தம். அப்பாவின் முகம் தொங்கிவிட்டது.

டிரைவர் வந்த வழியே காரைத் திருப்பினார். நான் விசில் ஊதினேன்.

"அந்தப் பக்கம் போகக் கூடாதுங்க. ஒன்வே!"

அப்பா பல்லைக் கடித்தார். மாப்பிள்ளையின் அப்பாவோ, "சட்டம்னா சட்டம்தானுங்களே" என்று மரியாதையாக ஏறிக்கொண்டார்.

நான் சைக்கிளில் முன்னால் வழிகாட்டிப் போனேன். ஓடை மணலில் இறங்கியதுமே காரின் பின்சக்கரம் புதைந்தது. அதே நேரம் எதிரே பறைச் சத்தம். பூப்பாடை, அதன் பின்னால் ஓர் ஊரே வந்துகொண்டிருந்தது.

பைத்தியக்காரன், அப்போதாவது ஒதுங்கியிருக்கலாம். பாடைக்கு முன்னால் போய் இரண்டு கைகளையும் விரித்து நின்று விசில் ஊதினேன். பறை நின்றுவிட்டது.

"இது வெளிய போற வழிங்க. எதுக்க வரக் கூடாது. திருப்புங்க!"

தோள் கொடுத்திருந்த மீசைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"எடுத்த பொணத்தத் திருப்பிக் கொண்டுபோயி எங்க வைக்கிறது? ஒங்க வூட்ல எறக்கட்டுமா?"

"போர்டு இருக்குங்களே..."

அவர் பாடையைக் கண்ணால் காட்டினார். "அவரு எழுதப் படிக்கத் தெரியாத ஆளு தம்பி."

கார் நகர்ந்தால்தான் பிணம் போக முடியும். பாடையை இறக்கி வைத்தார்கள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எல்லோரும் காரைத் தள்ள வந்தார்கள். பறைக்காரர்கள் அதற்கும் தாளம் கொடுத்தார்கள். சங்கு ஊதுகிறவர், "நீதான் ஊதறதுல கெட்டிக்காரனாச்சே, புடி" என்று சங்கை என் கையில் திணித்துவிட்டுப் போனார். சத்தம் கேட்டு ஓடிவந்த அப்பா, கையில் சாவுச் சங்கோடு நின்ற பிள்ளையைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

கார் மேடேறியது. மாப்பிள்ளையின் அம்மா கீழே இறங்கினார். அக்கா வாழ்க்கையைக் கெடுத்துவிட்டேன் என்று நினைத்து, சங்கோடு சைக்கிளுக்குப் பின்னால் ஒதுங்கினேன். அவரோ பாடையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு அப்பா பக்கம் திரும்பினார்.

"பொணம் எதுக்க வந்தா நல்ல சகுனங்க. இனிமே கலந்துக்க என்ன இருக்கு? தை மாசமே வச்சுக்கலாம்."

அந்தக் கல்யாணத்துக்குக் காசிநாதனே, கடலை பிடுங்கிய கொல்லையைப் பந்தல் போடக் கொடுத்தார்.

பிறகு எனக்கு அரசாங்க வேலை கிடைத்தது. எத்தனையோ ஊருக்கு ரோடு போட்டு ரிட்டயரும் ஆகிவிட்டேன். வீட்டில் மட்டும் என் பேச்சு எடுபடாது. யாருக்காவது புத்தி சொல்ல வாயைத் திறந்தால் போதும், அக்கா பேரப்பிள்ளைகளைக் கூப்பிட்டுவிடுவாள்.

"இவன் பேச்ச யாரும் கேட்டுடாதீங்கடா. அன்னிக்கு அந்தப் பொணம் கேட்டுத் திரும்பியிருந்தா, நான் இன்னும் அந்த அடுப்படியிலதான் அழுதுகிட்டு இருப்பேன்."