ஆறு படியும் என் மகள் சிரானும்

ஃப்ரெஸ்னோ,
திங்கட்கிழமை.

அன்புள்ள அஸ்னிவ் அக்காவுக்கு,

தம்பி ஆரா எழுதுவது. ரத்த அழுத்தம் ஒன்றைத் தவிர நான் நலம். உன் முழங்காலும் நலமாக இருக்கும் என்று நம்புகிறேன். அத்தான் கிரிகோருக்கு என் வணக்கம்.

விஷயத்துக்கு வருகிறேன். உன் மருமகள் சிரானை நீதான் கூப்பிட்டுக் கண்டிக்க வேண்டும். இந்த உலகத்தில் உன் பேச்சை மட்டும்தான் அவள் கேட்பாள். பன்னிரண்டு வருஷமாக ஸ்கேட்போர்டு பூங்காவில், அந்தப் பெரிய சிமெண்ட் குழிக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்து கோப்பைகள் வாங்கினாள். குழியின் ஒவ்வொரு அங்குலமும் அவளுக்கு மனப்பாடம். நானும் நிம்மதியாக இருந்தேன். போன மாதம் அவள் தோழி டெலியா, "இந்தக் குழிக்குள்ள மட்டும்தான்டி நீ ராணி. தெருவுக்கு வா, ஒரு கூழாங்கல்லு போதும் உன்னைக் கவுக்க" என்று சொல்லிவிட்டாள். ரோஷத்துக்கு நம் குடும்பத்தில் என்ன குறைச்சல்? மறுநாளே சக்கரப் பலகையைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டாள்.

டெலியா வாக்கு பலித்தது. நடைபாதை விரிசலில் சக்கரம் மாட்டி, பலகை அங்கேயே நின்றுவிட, இவள் மட்டும் பறந்து போய்ப் பூக்கடை வாளிகளுக்குள் விழுந்தாள். அதற்குப் பிறகு நான் தனியாக விடுவேனா? ஒரு துடைப்பத்தோடு கூடவே கிளம்பினேன். அவள் குதிக்கிற இடத்தில் ஜல்லியைக் கூட்டிக்கொண்டிருந்தபோது ஒரு அம்மாள் வந்து, "இப்பத்தான் வர்றீங்களா? குப்பை எடுத்து ஒரு வாரமாச்சு!" என்று பிடித்துக்கொண்டாள். நான் மன்னிப்புக் கேட்டு, அவள் வாசலையும் கூட்டிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

நேற்றுக் காலைதான் உச்சம். மூடிக் கிடக்கும் மரச்சாமான் கடையின் பின்பக்கம் ஆறு படிகள் இருக்கின்றன. அவற்றின் மேலிருந்து பலகையோடு குதிக்க வேண்டும் என்று பதினோரு தடவை ஓடிவந்தாள். பதினோரு தடவையும் விளிம்பில் காலை ஊன்றி நின்றுவிட்டாள். அப்புறம் முதல் படியில் உட்கார்ந்து, "பூங்காவுலன்னா எப்படி விழுவேன்னு எனக்குத் தெரியும்ப்பா. இங்க தெரியல. பயமா இருக்கு" என்றாள். அவள் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் கேட்டதே இல்லை அக்கா. "வீட்டுக்குப் போலாம்மா" என்று சொல்ல வாயெடுத்தவன், படிக்குக் கீழே இறங்கி ஜல்லியை இன்னொரு தடவை கூட்டினேன்.

அந்த நேரம் பார்த்துக் காவலாளி வந்தார். ரஸ்ஸல் என்று சட்டையில் பெயர். ஆள் மலைபோல் இருந்தார். விரட்டப் போகிறார் என்று நான் துடைப்பத்தைப் பின்னால் மறைத்தேன். அவரோ, "அரை மணி நேரமா பாத்துட்டிருக்கேன் பொண்ணே! குதிப்பியா, மாட்டியா? ஒன்பது மணிக்கு என் டூட்டி முடியுது. முடிவு தெரியாம வீட்டுக்குப் போனா எனக்குச் சோறு இறங்காது" என்றார்.

சிரான் சிரித்துவிட்டாள். எழுந்தாள், குதித்தாள், விழுந்தாள். முழங்கை தோல் உரிந்தது. மறுபடி குதித்தாள், பலகை ஒரு பக்கம், இவள் ஒரு பக்கம். மூன்றாவது தடவை நான் கண்ணை மூடிக்கொண்டேன். நான்கு சக்கரமும் 'டப்' என்று ஒரே சத்தமாகத் தரையில் இறங்கியது. கண்ணைத் திறந்தால் அவள் தெருமுனையில் இருக்கிறாள், இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு. ரஸ்ஸல் என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார். என் மூக்குக்கண்ணாடி விழுந்து உடைந்தது.

இந்த வயதில் இது எனக்குத் தாங்காது அக்கா. தெரு வேண்டாம், பூங்காவே போதும் என்று நீ கண்டிப்பாகச் சொல். ஆண்டவர் உங்கள் இருவரையும் எலும்பு முறியாமல் காக்கட்டும்.

உன் அன்புத் தம்பி,
ஆரா

பி.கு.: சிரானை நிஜமாகவே கண்டித்துத் தொலைக்காதே. க்ளெண்டேலில் உன் வீட்டுக்கு எதிர்க் கட்டடத்தில் ஒன்பது படி இருக்கிறதாமே? கீழே தரை வழவழப்பா, சொரசொரப்பா என்று செருப்பைக் கழற்றி நடந்து பார்த்து உடனே எழுது. சனிக்கிழமை வருகிறோம்.