எம்.டி. போட்ட கோடு

இரண்டு டன் எலுமிச்சைக்கு ஆர்டர் போட்ட மூன்றாம் நாளே புளியங்குடிச் சந்தையில் விலை பாதியாக விழுந்தது. சங்கரன்கோவில் ஊறுகாய்க் கம்பெனியின் கணக்கர் மாரிக்கண்ணன் தண்ணீர் குடித்துவிட்டு எம்.டி. அறைக்குள் போய்ச் சொன்னார்.

எம்.டி. உச்சிமாகாளி சிரித்தார்.

"நமக்காகத்தாம்வே இறங்கியிருக்கு. இன்னும் நாலு டன் வாங்கும்."

"துட்டு, சார்?"

"தீபாவளி போனஸுக்கு ஒதுக்கினது சும்மாதான கெடக்கு? தீபாவளிக்குள்ள ரெண்டு மடங்காயிரும்."

முப்பது பெண்களின் போனஸ் அது. தருவதாக வாக்குக் கொடுத்தவர் மாரிக்கண்ணன். ஆனால் விலை எங்கே திரும்பும், எங்கே எகிறும் என்று எம்.டி. விரலால் காற்றில் கோடு போட்டுக் காட்டியபோது, அந்தக் கோடு மாரிக்கண்ணன் கண்ணுக்கும் தெரிந்தது. கும்பிடாத குறை.

விலை மேலும் விழுந்தது. எலுமிச்சை சாப்பாட்டு அறையைப் பிடித்தது. பிறகு மாரிக்கண்ணனின் நாற்காலியையும் பிடித்தது. நின்றபடியே கணக்கெழுதினார்.

"ஒரு கல்யாண மண்டபத்தைப் பிடியும்."

"முகூர்த்த நாளு சார். மூணு மடங்கு வாடகை கேக்கான்."

"குடும். நமக்கென்ன?"

மண்டபத்தில் பழம் அழுகத் தொடங்கியது. எம்.டி. உடனே லண்டனுக்கென்று இருபதாயிரம் ஜாடிகளுக்குக் கடன் வாங்கி முன்பணம் கொடுத்தார்.

"லண்டன்ல யாரு சார் கேட்டிருக்கா?"

"கேக்கதுக்கு முந்தியே அனுப்பணும்வே. அதான் யாவாரம்!"

மாரிக்கண்ணனுக்கு மெய்சிலிர்த்தது. ஒரு சட்டை எடுக்கவே மனைவியிடம் இரண்டு தடவை கேட்கிறவர் அவர்.

தீபாவளிக்கு ஐந்து நாள். பெட்டியில் நானூற்றுப் பத்து ரூபாய். முப்பது பெண்களும் வாசலில் நின்றார்கள்.

"போனஸ் உண்டுமா அண்ணாச்சி, இல்ல ஆளுக்கொரு மூடை அழுகப்பழமா?" என்றாள் ஜெயசித்ரா.

கம்பெனியைப் பூட்ட வேண்டியதுதான் என்று சொல்ல வாயெடுத்தார். அதற்குள் புளியங்குடி ஏலக்கடைக்காரி பிரேமலதா கூட்டத்தை விலக்கி வந்து, மேசைமேல் ஒரு மஞ்சள்பையை வைத்தாள்.

"போனஸுக்கு. சந்தையில எல்லாரும் சேந்து போட்டது. கம்பெனியை மட்டும் மூடிராதீய!"

மாரிக்கண்ணன் பையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "எங்க சார் மேல அம்புட்டு நம்பிக்கையாம்மா?"

"பின்ன? அவரு வாங்க வந்தா நாங்க வித்துத் தள்ளிருவோம், விக்க வந்தா வாங்கிப் போட்டுருவோம். ஏழு வருசத்துல ஒருதடவகூட அந்த மனுசன் எங்களைக் கைவிட்டதில்ல, அண்ணாச்சி!"