துடிக்கும் அலுமினியம்

காலை எட்டேமுக்காலுக்கே மாடிப்படியில் கால் வைக்க இடமில்லை. ஆளுக்கொரு லேப்டாப். சிலர் அதைத் துண்டில் சுற்றியிருந்தார்கள். ஒருவர் நெஞ்சோடு அணைத்திருந்தார். வீட்டில் கைக்குழந்தையை அவர் அப்படித் தூக்கியதாகத் தகவல் இல்லை.

எல்லாம் உயர்ந்த ரகம். உலோக உடம்பு. பிளாஸ்டிக்குக்கு ஆத்மா கிடையாது என்பது, லேப்டாப்பின் கீறலைப் பார்த்துப் பலன் சொல்லும் கீறல் ஐயாவின் கொள்கை.

முன்பு அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் லேப்டாப்புக்கு ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தவர் அவர். ஒட்டுவதைவிட ஓதுவதில் வரும்படி அதிகம் என்று ஒருநாள் ஞானம் பிறந்தது. மாடிக்குக் குடியேறினார்.

மூடியில் கோடு விழுந்தால் குடும்பத்தில் சச்சரவு. கை வைக்கும் இடம் கறுத்தால் மேலதிகாரியின் பகை. பொத்தான் தேய்ந்து பளபளத்தால் நம் உழைப்பை வேறொருவர் தின்கிறார். இதெல்லாம் எந்த அலுவலகத்தில் யாருக்கு இல்லை என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டால் வரிசையில் இடம் போய்விடும்.

வரிசையில் மூன்றாம் மாடிக் கணக்கு அதிகாரியும் நின்றிருந்தாள். அவள் லேப்டாப்பின் வலது மூலை நசுங்கியிருந்தது. கார் கூரைமேல் வைத்ததை மறந்து வண்டியை எடுத்த அன்று விழுந்தது. அதன் பிறகு பதவி உயர்வு இரண்டு முறை கைநழுவியது.

"வேலை நல்லாத்தான் செய்றீங்க. ஆனா அந்த மூலை..." என்று இழுத்தார் பொது மேலாளர்.

அவர் ஐயாவின் பரம பக்தர். கூட்டத்தில் அறிக்கைகளுக்கு முன்னால் லேப்டாப் மூடிகளைத்தான் நோட்டம் விடுவார். கிளைத் தலைமைப் பதவிக்கு ஆளை இன்று மாலை முடிவு செய்கிறார். ஆகவே லேப்டாப்பை ஐயாவிடம் ஒப்படைக்க வந்திருந்தாள் அவள். உருக்கினால்தான் தோஷம் தீரும் என்று ஐயா போன வாரமே சொல்லிவிட்டார்.

கூடவே நாத்தனாரும் வந்திருந்தாள். இருவருக்கும் ஒரே வண்டி, வேறு வழியில்லை.

"அண்ணி, உங்க சம்பாத்தியத்துல வாங்கினது. அப்படியே தூக்கிக் குடுத்துடுவீங்களா?"

"வேலையெல்லாம் காப்பி எடுத்து வெச்சுட்டேன்."

"வேலைக்குக் காப்பி இருக்கு. லேப்டாப்புக்கு?"

"வாயை மூடிட்டு வரேன்னு சொல்லித்தானே வந்தே?"

"மூடிட்டுத்தான் இருக்கேன். இது மூக்கு வழியா வருது."

உள்ளே ஐயா அமர்ந்திருந்தார். பக்கத்து நாற்காலியில், அழைக்கப்பட்ட விருந்தாளி போல, பொது மேலாளர். பின்னால் கண்ணாடிப் பெட்டிக்குள் கருநீல மூடியோடு ஒரு லேப்டாப். அதன் பெயர் 'தூய மேனி'. கீறல் இல்லை, கறை இல்லை. பழையதை ஒப்படைத்தவர்கள் அடுத்து வாங்க வேண்டியது அதைத்தான்.

"செருப்பைக் கழட்டும்மா."

கழற்றினாள். வெறுங்கால் சில்லிட்டது. ஐயா அவள் லேப்டாப்பைச் சார்ஜரில் மாட்டினார்.

"புறங்கையால மெதுவா தடவு. துடிக்குதா?"

எறும்பு ஊர்வது போல விரல்களில் ஒரு சிலிர்ப்பு.

"துடிக்குது ஐயா."

"மூலையில அடிபட்ட ஆத்மா. அழுவுது."

சார்ஜரிலிருந்து சுவருக்குப் போகும் வயரைக் கழற்றிவிட்டு, தங்க நூல் சுற்றிய வேறொரு வயரை மாட்டினார். அதுதான் சாந்திக் கம்பி.

"இப்போ?"

"நின்னுடுச்சு ஐயா."

"இது தற்காலிகம். உருக்கினாத்தான் விடுதலை."

மேலாளர் கண்களை மூடித் தலையசைத்தார்.

"நான் ஒண்ணு கேக்கலாமா?" என்றாள் நாத்தனார்.

"உன் லேப்டாப் என்ன மேனி?"

"பிளாஸ்டிக்."

"பிளாஸ்டிக்காரங்க வெளியே நிக்கலாம்."

வாசலில் நின்றவர்கள் சிரித்தார்கள். நாத்தனாரும் சிரித்துக்கொண்டே குனிந்து மேசைக்கடியில் பார்த்தாள்.

"அண்ணி, முதல் வயருக்கு ரெண்டு கால். சாந்திக் கம்பிக்கு மூணு கால். நம்ம வீட்டு வாஷிங் மெஷின் இப்படித்தானே அழுதுச்சு? மூணு கால் பிளக்கை எர்த் இருக்குற சாக்கெட்டுல செருகினதும் நின்னுது. அதை யாரும் உருக்கலையே."

"இது உயர்ந்த உலோகம். துணி துவைக்கிற டப்பா இல்ல," என்றார் ஐயா.

"சரி. அந்தத் தூய மேனியை ரெண்டு கால் வயர்ல மாட்டுங்க. அதுதான் அழவே அழாதே."

"அது இப்போ உறக்கத்துல இருக்கு."

"மாட்டுங்க ஐயா," என்றார் மேலாளர். "உங்க பெருமை இவங்களுக்குத் தெரியட்டும்."

பாவம், மனதாரத்தான் சொன்னார். பக்தரே கேட்டபின் ஐயாவுக்குத் தப்ப வழியில்லை. மாட்டினார். மேலாளர் காலணியைக் கழற்றி, மூடியைத் திறந்து, புறங்கையால் தடவினார். முகம் மாறியது.

"சார்?" என்றாள் கணக்கு அதிகாரி.

"துடிக்குது."

நாத்தனார் மூன்று கால் வயரை மாட்டினாள். நின்றது. எல்லா வயரையும் பிடுங்கினாள். அப்போதும் ஒன்றுமில்லை. மறுபடி இரண்டு கால். துடித்தது.

"ஒரு கீறல்கூட இல்லாத ஆத்மா எதுக்கு சார் அழணும்?"

ஐயா பாய்ந்து லேப்டாப்பை மூடினார். அவசரத்தில் மோதிரம் மூடியின் ஓரத்தில் சிக்கியது. கருநீலம் தோல் போல உரிந்து வந்தது. பழைய தொழில் கைவிடவில்லை, அது ஸ்டிக்கர். அடியில் வெள்ளி நிற அலுமினியத்தில் ஆழமாக ஒரு கிறுக்கல்.

"பூனை," என்றார் மேலாளர்.

"சார், உலகத்துல எத்தனையோ பூனை..." என்று இழுத்தார் ஐயா.

"மூணு காலோடவா? வீட்டுச் சாவியால என் பொண்ணு வரைஞ்சது. நாலாவது கால் போடுறதுக்குள்ள பிடிச்சுட்டேன். போன மாசம் இதை உருக்கியாச்சுன்னு சாம்பல் குடுத்தீங்களே? டிராயர்ல பத்திரமா வெச்சிருக்கேன்."

"அலுமினியம் உருகினா சாம்பலா ஆகும், சார்?" என்று மரியாதையாகக் கேட்டாள் நாத்தனார்.

மேலாளர் அவளைப் பார்க்கவில்லை. பூனையைப் பார்த்தார்.

வாசலில் சலசலப்பு எழுந்தது. முன்பே பழையதை ஒப்படைத்தவர்கள் தங்கள் கீறல்களைத் தேடி உள்ளே முண்டினார்கள். நேற்றுவரை சாபம் என்று அழுத அதே கீறல்கள். இன்று அடையாளம் சொல்ல அவைதான் உதவின. நடப்பது தெரியாத ஒருவர் படிக்கட்டிலிருந்து குரல் கொடுத்தார்.

"ஐயா இருக்காரா?"

"இருக்கார். துடிக்கிறார்."

கணக்கு அதிகாரி செருப்பை மாட்டிக்கொண்டாள். தன் லேப்டாப்பைக் கையில் எடுத்தாள். நசுங்கிய மூலை உள்ளங்கையில் உறுத்தியது. இத்தனை நாளும் அது வெறும் உறுத்தல்தான், தோஷமில்லை என்பது இப்போதுதான் உறைத்தது.

மேலாளர் மூன்று கால் பூனையை அக்குளில் இடுக்கிக்கொண்டு வெளியே வந்தார். பழக்கம் விடுமா? கண் நேராக அவளுடைய மூலைக்குப் போனது.

"சாயந்திரம் அந்தப் பதவி விஷயம்... யோசிச்சுச் சொல்றேன்."

"சார், இந்தத் தடவையாவது மூடியைத் திறந்து பார்ப்பீங்களா?"